அமெரிக்கப் பிரஜையைக் கட்டிக்கொண்டால் க்ரீன் கார்டு... அப்படியா?

எங்கள் கல்லூரி கேன்டீனில் அடிக்கடி அடிபடும் ஜோக் ஒன்று உண்டு. "எதுக்குடா ஜி.ஆர்.ஈ., டோஃபல் எல்லாம்? ஒரு வெள்ளைக்காரியைப் புடி, தாலியைக் கட்டு, முடிஞ்சது மேட்டர்." ஹாலிவுட்டும் இதையே சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1990-ல் வந்த 'க்ரீன் கார்டு' படத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் காகிதத்துக்காக அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வார். அப்புறம் நிஜமாகவே காதல் வந்துவிடும். நம்ம ஊர்ப் படமாக இருந்திருந்தால் இடையில் சுவிட்சர்லாந்தில் ஒரு டூயட் வைத்திருப்பார்கள் :-)

சரி, இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்துக்கொண்டே போனால் ஜோக் தலைகீழாகிவிட்டது. ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன் ஒரு அமெரிக்கப் பெண் ஒரு இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டால், அவருக்குக் குடியுரிமை கிடைக்காது. *இவருடைய* குடியுரிமை போய்விடும்! அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் 1855. அந்த வருடம் வந்த அமெரிக்கச் சட்டப்படி, அமெரிக்கக் குடிமகனை மணக்கும் வெளிநாட்டுப் பெண் தாலி ஏறிய நிமிடமே அமெரிக்கக் குடிமகள். விண்ணப்பம் கிடையாது, ஃபீஸ் கிடையாது, இன்டர்வியூ கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, அவள் குடியுரிமை பெறத் தகுதி உள்ள இனத்தைச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும். அன்றைக்கு அதற்கு அர்த்தம் வெள்ளைக்காரி. ஆக "கல்யாணம் பண்ணினால் குடியுரிமை" என்பது ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தது. ஆனால் அது காதலுக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். மனைவி என்பவள் கணவனின் பின்னொட்டு, அவன் எந்த நாடோ அவளும் அந்த நாடு என்ற கணக்குதான்.

அந்தக் கணக்கின் மறுபக்கம் 1907-ல் சட்டமாகவே வந்தது. வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண், கணவனின் நாட்டைச் சேர்ந்தவளாகிவிடுவாள். பிறந்த ஊரிலேயே, பிறந்த வீட்டிலேயே இருந்தாலும் சரி.

எதெல் மெக்கன்ஸி என்ற பெண் இதைச் சும்மா விடவில்லை. கலிஃபோர்னியாவில் பிறந்தவர். 1909-ல் கார்டன் மெக்கன்ஸி என்ற ஸ்காட்லாந்துப் பாடகரை மணந்துகொண்டார். அவர் பிரிட்டிஷ் பிரஜை. 1911-ல் கலிஃபோர்னியாவில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. எதெல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனபோது, நீங்கள் இந்த நாட்டுக் குடிமகளே இல்லையே அம்மா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1915-ல் தீர்ப்பு வந்தது. கல்யாணம் அவர் விரும்பிச் செய்துகொண்டது, அதன் விளைவு தெரிந்தே செய்துகொண்டது, ஆகவே குடியுரிமையை அவரே விட்டுக்கொடுத்ததாகத்தான் கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கான்ட்ராக்ட் சட்டத்தில் 'சம்மதம்' பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வாதத்தை இன்டர்னல் தேர்வில் எழுதியிருந்தால்கூட மார்க் தேறாது.

பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை வந்தது 1920-ல். அதற்கப்புறம் இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டிருப்பது அரசியல்வாதிகளுக்கே சங்கடமாகிவிட்டது. 1922 செப்டம்பரில் கேபிள் சட்டம் வந்தது. அதன்படி கணவன் குடியுரிமை வேறு, மனைவி குடியுரிமை வேறு. கூடவே 1855-ன் தானியங்கி வசதியும் முடிந்தது. இனிமேல் வெளிநாட்டு மனைவி தானாகக் குடிமகள் ஆக மாட்டாள், விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்களுக்கு 5 வருடக் காத்திருப்பு, அவளுக்கு 1 வருடம் என்பதுதான் சலுகை.

ஆனால் கேபிள் சட்டத்தில் ஒரு ஓட்டை. குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டவரை மணந்தால் அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமை அப்போதும் போகும். யார் அந்தத் தகுதியற்றவர்? பெரும்பாலும் ஆசியர்கள். 1923 பிப்ரவரியில் பகத் சிங் திண்ட் வழக்கில் (நம்ம பகத் சிங் இல்லை, இவர் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பஞ்சாபி) இந்தியர்கள் வெள்ளையர்கள் அல்ல, எனவே அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்து அதைத் திரும்பப் பிடுங்க அரசு வழக்குகள் போட ஆரம்பித்தது.

இதில் மாட்டியவர்களில் ஒருவர் தாரக்நாத் தாஸ். வங்காளத்துப் புரட்சியாளர், 1914-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அவர் 1924-ல் மேரி கீட்டிங்கே மோர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியைக் கல்யாணம் செய்துகொண்டார். இந்தியர் என்பதால் அவருடைய குடியுரிமை செல்லாது என்பது அரசின் நிலை. அவரை மணந்ததால் மேரியின் குடியுரிமையும் கேள்விக்குறி. தலைமுறை தலைமுறையாக அமெரிக்காவில் இருந்தவர் ஒரே கல்யாணத்தில் எந்த நாடும் இல்லாதவராகிவிட்டார். 1926-ல் 'தி நேஷன்' பத்திரிகையில் தன் நிலைமையை அவரே கட்டுரையாக எழுதினார்.

இன்னொருவர் சகாராம் கணேஷ் பண்டிட். கலிஃபோர்னியாவில் வக்கீல். 1920-ல் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தவர். தன் வழக்கைத் தானே நடத்தினார். அவர் வைத்த வாதம் சாமர்த்தியமானது. "நீங்கள் கொடுத்த குடியுரிமையை நம்பித்தான் வக்கீல் ஆனேன், வீடு வாங்கினேன், கல்யாணம் செய்தேன். இப்போது அதை ரத்து செய்தால் என் மனைவிக்கும் நாடு இல்லாமல் போகும். இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது வந்து கேட்க உங்களுக்கு உரிமையில்லை." ஜெயித்தார்! 1926-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது, 1927-ல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதன்பின் மற்ற இந்தியர்கள் மேல் இருந்த வழக்குகளையும் அரசு கைவிட்டது. தாஸ் தப்பித்ததும் இப்படித்தான். கேபிள் சட்டத்தின் ஓட்டை 1931-ல்தான் அடைபட்டது. (நம் பாடப் புத்தகத்தில் கதர் கட்சி பற்றி இரண்டு வரி வரும். பண்டிட் பற்றி ஒரு வரியும் வராது. ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.)

அடுத்தது இரண்டாம் உலகப் போர். லட்சக்கணக்கில் அமெரிக்கச் சிப்பாய்கள் வெளிநாட்டில். போன இடத்தில் காதல், கல்யாணம், குழந்தை. போர் முடிந்ததும் சிப்பாய் கப்பலேறிவிட்டான், மனைவி அங்கேயே நிற்கிறாள். 1945 டிசம்பர் 28-ல் 'போர் மணப்பெண்கள் சட்டம்' வந்தது. சிப்பாய்களின் மனைவிகளுக்கு நாட்டுவாரி ஒதுக்கீடு கிடையாது, உடல்நலக் காரணம் சொல்லித் தடுக்கவும் முடியாது, 3 வருடத்துக்குள் வந்துவிட வேண்டும். 1946 பிப்ரவரியில் 'அர்ஜென்டினா' என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து சுமார் 450 மணப்பெண்களோடு நியூயார்க் வந்து சேர்ந்தது. பேண்டு வாத்தியம், பத்திரிகைக்காரர்கள், ஃபோட்டோ... ஒரே அமர்க்களம். ஆனால் ஜப்பானியப் பெண்களை மணந்தவர்களுக்கு இந்தக் கப்பல் இல்லை, இனத் தடை அப்படியே இருந்தது. 1947 ஜூலையில் ஒரு திருத்தம் போட்டார்கள். சட்டம் கையெழுத்தான 30 நாளுக்குள் கல்யாணம் ஆகியிருந்தால் இனம் பார்க்க மாட்டோம் என்று. ஆடித் தள்ளுபடி மாதிரி!

இந்தச் சட்டத்தின் கீழ் வந்தவர்களில் எலன் க்னாஃப் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் இதோடுதான் முடிச்சுப் போட்டிருக்கிறது.

எலன் ஜெர்மனியில் 1915-ல் பிறந்த யூதப் பெண். ஹிட்லர் காலத்தில் செக்கோஸ்லோவாக்கியா போய், அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தப்பினார். போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் வேலை செய்தார். போருக்குப் பின் ஜெர்மனியில் அமெரிக்க ராணுவ நிர்வாகத்திலேயே வேலை. நல்ல பெயர். 1948 பிப்ரவரியில், முன்னாள் சிப்பாயும் அமெரிக்கக் குடிமகனுமான கர்ட் க்னாஃபை மணந்தார். ஆகஸ்ட் 14 அன்று நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கினார். நேராக எல்லிஸ் தீவில் அடைத்துவிட்டார்கள்.

காரணம்? சொல்ல மாட்டோம். ஆதாரம்? ரகசியம். விசாரணை? கிடையாது. இவர் உள்ளே வருவது நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு, அவ்வளவுதான்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1950 ஜனவரியில் 4-க்கு 3 என்று எலன் தோற்றார். நாட்டுக்குள் வருவது உரிமை அல்ல, சலுகை, அந்தச் சலுகையை எப்படிக் கொடுப்பது என்பது அரசின் இஷ்டம், குடிமகனின் மனைவி என்பதால் இது மாறாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். மறுத்து எழுதியவர்களில் ஒருவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன், நியூரம்பர்க்கில் நாஜிகள் மேல் வழக்கு நடத்திய அதே ஜாக்சன். ஒரு குடிமகனின் மனைவியை விசாரணையே இல்லாமல் விரட்டும் அதிகாரத்தை நாடாளுமன்றம் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். நாஜிகளுக்கே விசாரணை நடத்திவிட்டு வந்தவர் அவர்!

அந்த மே மாதம் எலனைத் திருப்பி அனுப்ப விமானம் தயார், சாமான்கள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைசி நேரத்தில் ஜாக்சனின் தடையுத்தரவு வந்து அவரை இறக்கியது. பத்திரிகைகள் சத்தம் போட்டன, நாடாளுமன்ற உறுப்பினர்கள் தனி மசோதா கொண்டுவந்தார்கள். ஒருவழியாக 1951-ல் விசாரணை நடந்தது. அப்போதுதான் குற்றச்சாட்டே தெரிந்தது. ஜெர்மனியில் வேலை செய்தபோது செக் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தாராம். சாட்சி சொன்னவர்கள் எல்லாம் அடுத்தவர் சொல்லக் கேட்டவர்கள். மேல்முறையீட்டுக் குழு அது வெறும் செவிவழிச் செய்தி என்று தள்ளியது. 1951 நவம்பரில் அவரை உள்ளே விட்டார்கள், வந்து இறங்கி 3 வருடத்துக்கு மேல் ஆனபிறகு. அடுத்த வருடம் தன் கதையைப் புத்தகமாகவும் எழுதினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எலன் வென்றார், ஆனால் தீர்ப்பு மாறவில்லை. அது சட்டப் புத்தகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிர் வகைக் கல்யாணமும் அதே சட்டத்தின் கீழ் நடந்தது. போலந்திலிருந்து பாரிஸுக்குத் தப்பி வந்த அகதிகள் சிலர். அவர்களுடைய சிகாகோ உறவினர்கள் போட்ட திட்டப்படி, ராணுவத்தில் வேலை செய்த அமெரிக்கர்கள் பாரிஸ் போய் இவர்களைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தார்கள். கணவனாக ஒருவர், மனைவிகளாக ராணுவ மகளிர் படையில் இருந்த இரண்டு பேர். அமெரிக்கா வந்ததும் அவரவர் வழி. 1953-ல் லுட்வாக் வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. பிரெஞ்சுச் சட்டப்படி அந்தக் கல்யாணம் செல்லுமா செல்லாதா என்பதே முக்கியமில்லை, சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி என்றார்கள். காமர்ஸ் மாணவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம். அக்கவுண்டன்ஸியில் 'வடிவத்தை விட உள்ளடக்கமே முக்கியம்' என்று படிக்கிறோமே, அதே கொள்கைதான். பத்திரம் என்ன சொல்கிறது என்று பார்க்காதே, பரிவர்த்தனை உண்மையில் என்ன என்று பார்.

லீஸ் பரிவர்த்தனைக்கு இது சரி. கல்யாணத்தின் உள்ளடக்கத்தை ஒரு அரசு அதிகாரி எப்படி ஆடிட் செய்வார்?

அந்தச் சிக்கலுக்கு முன்னால், 1952 சட்டத்தில் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். அதுவரை கணவன் மனைவியை அழைத்து வருவது சுலபம், மனைவி கணவனை அழைத்து வருவது கஷ்டம். 1952-ல் அந்த வித்தியாசம் போனது. 1965 சட்டமும் குடிமக்களின் கணவன் மனைவிக்கு வருடாந்திர உச்சவரம்பு வைக்கவில்லை. இன்றும் அப்படித்தான். வேலை மூலம் க்ரீன் கார்டுக்கு விண்ணப்பித்த நம்மவர்கள் ஆண்டுக்கணக்காக வரிசையில் நிற்க, கல்யாணம் மூலம் போகிறவருக்கு அந்த வரிசை இல்லாததற்குக் காரணம் இதுதான். கேன்டீன் ஜோக் பிறந்ததும் இங்கேதான்.

வரிசை இல்லை என்றால் சந்தேகம் வரும். 1975-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அளவுகோலைத் தெளிவாக்கியது. கல்யாணம் நடந்த நேரத்தில் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும், பிறகு பிரிந்துவிட்டார்கள் என்பதாலேயே அது போலி ஆகிவிடாது. நியாயமான பேச்சு. ஆனால் நடைமுறையில்? கணவனையும் மனைவியையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து ஒரே கேள்வியைக் கேட்பது, பதில் பொருந்துகிறதா என்று பார்ப்பது. சேர்ந்து வைத்திருக்கும் பேங்க் அக்கவுண்ட், வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் எல்லாம் காட்ட வேண்டும். எங்கள் தாத்தா பாட்டியை அப்படி உட்கார வைத்தால் ஒரு பதிலும் பொருந்தாது, ஜாயிண்ட் அக்கவுண்ட்டும் கிடையாது. 55 வருடக் கல்யாணம் போலி என்று சீல் குத்தியிருப்பார்கள்.

1985-ல் குடியேற்றத் துறைத் தலைவர் நாடாளுமன்றக் குழு முன் ஒரு எண்ணைச் சொன்னார். இப்படிக் கல்யாணம் மூலம் வரும் விண்ணப்பங்களில் சுமார் 30 சதவீதம் போலி. நாடே அதிர்ந்தது. 1986 நவம்பரில் புதிய சட்டம் வந்தது. போலிக் கல்யாணத்துக்கு 5 வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். கல்யாணமாகி 2 வருடம் ஆகாதவர்களுக்கு நிபந்தனையுடன் கூடிய க்ரீன் கார்டு மட்டும். அதை நிரந்தரமாக்க இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வழக்கில் துறையே ஒப்புக்கொண்டது, அந்த 30 சதவீதம் புள்ளியியல் ரீதியாகச் செல்லாது என்று. அதிகாரிகள் சந்தேகப்பட்ட கேஸ்களை எல்லாம் போலி என்று எண்ணியிருக்கிறார்கள்! ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவன்கூட இதைச் செய்ய மாட்டான். ஆனால் எண் போனாலும் சட்டம் போகவில்லை.

அந்தச் 'சேர்ந்து கையெழுத்து' என்ற வரி என்ன செய்தது தெரியுமா? அடிக்கிற கணவன் கையில் இன்னொரு கம்பைக் கொடுத்தது. "போலீஸுக்குப் போனால் கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்கு மூட்டை கட்டு." புகார் செய்தால் நாடு கடத்தல், செய்யாவிட்டால் அடி. 1990-ல் அடிபடுகிறவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். 1994-ல் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தபின்தான், கணவன் தயவு இல்லாமல் தாங்களே மனுக் கொடுக்கும் வழி பிறந்தது. 8 வருடம் எத்தனை பேர் பொறுத்துக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணம், சேர்ந்து வாழ்வது எல்லாம் பக்காவாக இருந்தும் கதவு திறக்காத ஒரு ஜோடியும் உண்டு. ரிச்சர்ட் ஆடம்ஸ் மணிலாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகன் ஆனவர். ஆண்டனி சல்லிவன் ஆஸ்திரேலியர். இருவரும் ஆண்கள். 1975-ல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் ஊரில் ஒரு பெண் அதிகாரி, சட்டத்தில் தடை எதுவும் இல்லையே என்று ஒரே பாலின ஜோடிகளுக்கும் திருமண லைசென்ஸ் கொடுத்தார். இவர்கள் போய் மணந்துகொண்டு, சல்லிவனுக்கு க்ரீன் கார்டு கேட்டார்கள். துறையிடமிருந்து வந்த பதில் கடிதத்தில் ஓரினச் சேர்க்கையாளர்களைத் திட்டும் கெட்ட வார்த்தையே இருந்தது. அரசாங்க லெட்டர்பேடில்! 1982-ல் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். ஆனாலும் பிரியவில்லை. 2012 டிசம்பரில் ஆடம்ஸ் இறந்தார். 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் வின்ட்ஸர் வழக்கில் தீர்ப்பு சொல்லி, இப்படிப்பட்ட ஜோடிகளுக்கும் வழி திறந்தது. ஆறு மாதம் தாமதம். 2016-ல் சல்லிவனுக்கு, குடிமகனின் துணையாக இருந்தவர் என்ற முறையில் க்ரீன் கார்டு வந்தது. முதல் மனுவுக்கும் அதற்கும் நடுவே 41 வருடம். அந்தப் பழைய கடிதத்துக்கும் துறை மன்னிப்புக் கேட்டது.

சரி, கடைசிக் கதை. கேன்டீன் நண்பர்கள் இதை மட்டுமாவது படிக்கவும்.

சாண்ட்ரா முனோஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் சிவில் உரிமை வக்கீல், அமெரிக்கக் குடிமகள். 2010-ல் எல் சால்வடாரைச் சேர்ந்த லூயிஸ் அசென்சியோ-கோர்டெரோவை மணந்தார். ஒரு குழந்தையும் உண்டு. லூயிஸ் முதலில் விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர். அப்படி வந்தவர்கள் பொதுவாக உள்ளே இருந்தபடியே க்ரீன் கார்டு வாங்க முடியாது, வெளியே போய் தூதரகத்தில் விசா எடுத்து வர வேண்டும். 1996 சட்டப்படி வெளியே போனால் பல வருடம் திரும்ப முடியாத தடையும் விழும். அதற்கு விலக்கு கேட்டு, விலக்கும் வாங்கி, 2015-ல் எல் சால்வடார் போனார். விசா மறுப்பு. ஒரு சட்டப் பிரிவின் எண்ணை மட்டும் காட்டினார்கள். வழக்குப் போட்ட பிறகுதான் காரணம் வெளியே வந்தது, இவர் எம்.எஸ்-13 என்ற கும்பலைச் சேர்ந்தவர் என்று அதிகாரி நம்பினாராம். பின்னணியில் இவருடைய பச்சை குத்தல்கள். அவற்றுக்கும் கும்பலுக்கும் சம்பந்தமில்லை என்று நிபுணரே எழுதிக் கொடுத்திருந்தார். லூயிஸ் மேல் எந்தத் தண்டனையும் கிடையாது.

சாண்ட்ராவின் வாதம், "விசா அவருடையது. ஆனால் கல்யாணம் என்னுடையதும்தானே? குடிமகளான எனக்காவது சரியான காரணம் சொல்ல வேண்டாமா?"

2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. வெளிநாட்டுக் கணவனை நாட்டுக்குள் அனுமதிக்க வைக்கும் அடிப்படை உரிமை எந்தக் குடிமகளுக்கும் இல்லை. பெரும்பான்மைத் தீர்ப்பு எடுத்துக்காட்டிய பழைய வழக்குகளில் ஒன்று, எல்லிஸ் தீவில் அடைபட்டிருந்த எலன் க்னாஃபின் வழக்கு.